ரெண்டு வயசு அண்ணனின் மூன்றாம் இடம்

ஊர்ச் செய்திகளைக் குறித்து வைக்கும் என் கோப்பில் ஓர் அட்டை இருக்கிறது. மலேசியாவில் எங்கள் குருண் ஊரில், டயர் கடைக்கு மேல்மாடியில் இயங்கும் உடற்பயிற்சிக் கூடத்தின் சேர்க்கை அட்டை. மார்ச் மாதத்து முதல் திங்கட்கிழமை, மாலை ஐந்தேகாலுக்கு நிரப்பப்பட்டது. நிரப்பும்போது நான் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்ததால் நேரத்தில் சந்தேகமில்லை. ‘வயது’ என்று அச்சிட்ட இடத்தில் நீல மையில், பெரிய எழுத்தில் இப்படி இருக்கிறது: “58 / 62. எது வேணுமோ எடுத்துக்குங்க.”

கெடா மாநிலத்தில் ஐம்பத்தெட்டும் அறுபத்திரண்டும் ஒரே நாளில் நிரம்பிய மனிதர் அவர் ஒருவர்தான். தெற்கே பண்டார் பாரு வரை விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஊரில் அவருக்கு ‘ரெண்டு வயசு அண்ணன்’ என்று பெயர். ஊருக்குப் புதியவர்கள் ஏதோ கைக்குழந்தையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைப்பார்கள். பிறகு வாசலை அடைத்துக்கொண்டு அவர் உள்ளே வருவார். வெளிச்சம் கொஞ்சம் குறையும்.

காரணம் எளியது. அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். பிள்ளை பிறந்ததைப் பதிய வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பிறப்புப் பத்திரம் கேட்டிருக்கிறார்கள். அவசரமாகப் பதியப் போன இடத்தில் குமாஸ்தா “என்ன வயசு?” என்று கேட்க, அப்பா பக்கத்தில் நின்ற இன்னொரு பையனின் வயதைப் பார்த்து அதையே சொல்லிவிட்டார். பிறகு அடையாள அட்டையான ஐசியிலும் அதுதான் ஏறியது. “நாலு வருஷம் கழிச்சுப் பொறந்ததாத்தான் ஒன்னப் பதிஞ்சோம்” என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

இரண்டு வயதையும் அண்ணன் வீணாக்கியதில்லை. கல்யாண மண்டபத்தில் ஆடக் கூப்பிட்டால் ஐம்பத்தெட்டு. பஸ்ஸில் இடம் வேண்டுமென்றால் அறுபத்திரண்டு. யாராவது ‘தாத்தா’ என்று கூப்பிட்டுவிட்டால் பர்ஸிலிருந்து ஐசியை எடுத்து மூக்குக்கு நேரே நீட்டுவார். வேலை செய்யும் கோழித் தீவனக் கிடங்கில் இளம் மேற்பார்வையாளர் குரலை உயர்த்தினால், “தம்பி, ஒங்க அப்பாவவிட நான் மூத்தவன்லா” என்பார். அதே மேற்பார்வையாளர் ஓய்வு பெறும் வயது அறுபது என்று பேச்செடுத்தால், மறு நிமிடமே இரண்டு மூட்டையை ஒன்றாகத் தோளில் ஏற்றிக்கொண்டு ஐம்பத்தெட்டாக நடந்து போய்விடுவார்.

இதையெல்லாம் இப்போது எழுதத் தடையில்லை. சென்ற மாதம் ஐசிக்கும் அறுபது முடிந்தது. கிடங்கில் மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். நான் சொல்லப்போவது இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய கதை.

அந்த மார்ச் மாதம் அவர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு துண்டுப் பிரசுரம். மூத்தோருக்கான பளுதூக்கும் போட்டி, ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. தரையிலிருக்கும் கம்பியை இடுப்புவரை தூக்கி நிமிர வேண்டும். “இத்தன வருஷமா இதத்தான சம்பளத்துக்குச் செய்யுறேன், ஒரு நாளு மெடலுக்குச் செஞ்சா என்ன?” என்றார்.

கூடத்தை நடத்துபவர் கோச் மாலா. முப்பத்து நான்கு வயது, குரலில் மட்டும் நூறு கிலோ. அட்டையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“என்னண்ணே, ரெண்டு வயசு போட்டிருக்கீங்க?”

“ஒனக்கு எது வசதியோ அதுக்கு ஏத்த மாதிரி தூக்க வையி.”

“வயச வச்சுத்தாண்ணே பயிற்சியே. பதினஞ்சு பதினாறுல ஒடம்புல ஹார்மோன் ஊத்தும். சதைய நாம வளக்க வேண்டாம், தூக்குனா போதும், அதுவா ஏறும். முப்பதுக்கு மேல கொஞ்சங்கொஞ்சமா எறங்கும். அறுபதுல சும்மா ஒக்காந்தா வேகமா எறங்கும். ஆனா தூக்கிக்கிட்டே இருந்தா எந்த வயசுலயும் திரும்பி வரும். ஸ்லோவா வரும்.”

“எவ்வளவு ஸ்லோ?”

“அலோர் ஸ்டார் பஸ் மாதிரி. வரும். எப்பன்னு கேக்கக் கூடாது.”

“அம்பத்தெட்டுக்கு ஒரு ஸ்லோ, அறுபத்திரண்டுக்கு ஒரு ஸ்லோ இருக்கா?”

“ஒங்களுக்கு நடுவுல அறுபதுன்னு வச்சுக்குறேன்” என்று சொல்லி மாலா விசிலை ஊதினார்.

கூடத்தில் பாதிப் பேர் பதினேழு, பதினெட்டு வயதுக்காரர்கள். ஏப்ரலில் குச்சிக் கையோடு வந்தவன் ஜூனில் சட்டைக் கையைக் கிழித்துக்கொண்டு நிற்பான். அண்ணன் அவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அதிலிருந்து அவருடைய சித்தாந்தம் பிறந்தது. அதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்: “பதினேழுல சத தானா வீட்டுக்கு வந்து கதவத் தட்டும். முப்பதுல கூப்பிட்டா வரும். அறுபதுல ஃபாரம் நெரப்பி, ரெண்டு போட்டோ ஒட்டி, நம்பர் எடுத்துட்டு ஒக்காரணும். நம்ம நம்பர் வரும்போது கவுண்டர்ல ஆள் சாப்புடப் போயிருப்பான்.”

ஆனாலும் நம்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். காலையில் நான்கு அவித்த முட்டை. மதியம் தெம்பே என்னும் சோயாக் கட்டியும் மீனும். இளவட்டங்கள் தினமும் வந்தார்கள். அண்ணனுக்கு வாரத்துக்கு மூன்று நாள்தான். நடுவில் ஓய்வெடுக்காவிட்டால் இந்த வயதில் சதை ஆறாது என்று மாலா கதவிலேயே திருப்பி அனுப்பினார். ஒவ்வொரு வெள்ளியும் அண்ணன் தையல் நாடாவால் கையை அளந்து எனக்குத் தொலைபேசியில் சொல்வார். பதின்மூன்று வாரம் ஒரே அளவு. “நாடா பழசாயிருச்சு போல” என்று புது நாடா வாங்கினார். பதினான்காவது வெள்ளி அரை சென்டிமீட்டர் ஏறியது. அன்று மாடி முழுவதற்கும் வடை வந்தது. ஒரு பொடியன் வாய் நிறைய வடையோடு, “அரை செண்டிக்கு இவ்வளவா? எனக்கு ரெண்டு மாசத்துல மூணு செண்டி ஏறுச்சு அண்ணே” என்றான். அண்ணன் அவன் தட்டிலிருந்து ஒரு வடையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

போட்டி நெருங்கும்போதுதான் சிக்கல் தெரிந்தது. ஐம்பத்தைந்திலிருந்து ஐம்பத்தொன்பது வரை ஒரு பிரிவு, அறுபதிலிருந்து அறுபத்து நான்கு வரை மறு பிரிவு. ஐசிப்படி அண்ணன் முதல் பிரிவில். அதில் பதினோரு பேர், அதிலும் இரண்டு பேர் முன்னாள் மாநில வீரர்கள். மேல் பிரிவில் இரண்டே பேர்.

“மேல போங்கண்ணே” என்றார் மாலா. “ஒருத்தருக்கு முட்டி ஆபரேசன். இன்னொருத்தர் டாக்டர் சொன்னாருன்னு நடக்க வந்தவரு. தங்கம் ஒங்களுக்குத்தான். உண்மையான வயசுதான கேக்குறேன், பொய்யா?”

மேலே போக ஒரு சத்தியப் பத்திரம் வேண்டும், தன் உண்மையான வயது அறுபத்திரண்டு என்று கையெழுத்துப் போட்டு. அதை வாங்கிக்கொள்ளும் போட்டிச் செயலாளர், அண்ணன் வேலை செய்த கிடங்கின் மனிதவள அதிகாரி. ஞாயிற்றுக்கிழமை அறுபத்திரண்டு என்று எழுதிக் கொடுத்தால் திங்கட்கிழமை வேலை இருக்காது. அண்ணனின் மகள் அப்போது சுங்கை பட்டாணியில் தாதியர் படிப்பில் கடைசி ஆண்டு. தங்கமா, வேலையா? ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து டீக்கடையில் வாதாடியது.

போட்டிக்கு முந்தின சனிக்கிழமை அவர் என்னிடம் ஒரு புகைப்படத்தைக் கொண்டுவந்தார். தோட்டப் பள்ளிகளின் விளையாட்டுப் போட்டி, பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் குண்டு எறிதல். ஆறு பையன்கள். ஐந்து பேரின் தலையும் ஆறாமவனின் மார்புக்குத்தான் வருகிறது. அந்த ஆறாமவன் மேலுதட்டில் இரண்டு வெட்டுக்காயம்.

“காலையில அப்பா பிளேட எடுத்து மீசைய வழிச்சிட்டுப் போனேன்” என்றார். “எதிர் பள்ளிக்கூடத்து வாத்தியாரு கேட்டாரு, ‘பையன அனுப்பச் சொன்னா அவன் அப்பாவ அனுப்பியிருக்கீங்களே’ன்னு. எங்க சாரு பொறப்புப் பத்திரத்தக் காட்டுனாரு. நான் எறிஞ்ச குண்டு மைதானத்தத் தாண்டி மாட்டுக்கொட்டாய்க்குள்ள போயிருச்சு. மாடு ரெண்டு நாளு பால் குடுக்கல.”

அந்தப் படத்தை மாலாவிடம் காட்டினேன். பதினாறு வயது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்றேன். மாலா நெடுநேரம் பார்த்தார். “சூசாலா அண்ணே, சொல்றது கஷ்டம். சில பையனுக்குப் பன்னெண்டுலயே தோளு விரிஞ்சு மீச வந்துரும். சிலதுக்குப் பதினாறுலயும் ஒண்ணும் இருக்காது. ஒடம்ப வச்சுப் பொறந்த தேதி எழுத முடியாது.”

நான் திருப்பிக் கொடுத்தபோது, அண்ணன் படத்தில் ஓரமாக நின்ற ஒல்லிப் பையனைத் தொட்டுக் காட்டினார்.

“இவன்தான் ரெண்டாவதா வந்தான். அழுதுக்கிட்டே லாரியில ஏறுனான். நாலு வயசக் கம்மியா காட்டி அவன ஜெயிச்சேன். இப்ப அதே நாலு வயசு எனக்கு எதிரா நிக்குது. நிக்கட்டும். நான் கீழ பிரிவுலயே தூக்குறேன்.”

“வேலைக்காகவாண்ணே?”

“வேலையும் இருக்கு. இல்லன்னு சொல்லல.”

ஞாயிறு காலை ஒன்பதரை. மண்டபத்தில் மின்விசிறிகள் சுற்றின, காற்று வரவில்லை. பதிவு மேசையில் செயலாளர் சிரித்துக்கொண்டே, “என்னண்ணே, ஊர்ல எல்லாரும் அறுபத்திரண்டுன்னு சொல்றாங்களே?” என்றார். அண்ணனும் சிரித்தார். “ஊர்ல சொல்றதுக்கெல்லாம் ஐசி குடுக்குறாங்களா சார்?” மாலா பல்லைக் கடித்துக்கொண்டு அவர் இடுப்பில் பெல்ட்டை இறுக்கினார்.

ஒருவருக்கு மூன்று வாய்ப்பு. முதலில் நூற்றுப் பத்து, சுலபம். அடுத்தது நூற்று முப்பது, அதுவும் ஏறியது. முன்னாள் வீரர்கள் இருவரும் எட்டாத உயரத்தில் இருந்தார்கள். மூன்றாவது இடத்தில் நூற்று முப்பத்தைந்து தூக்கிய ஒரு லாரி ஓட்டுநர். அண்ணன் நூற்று நாற்பது கேட்டார். மாடியிலிருந்து வந்த இளவட்டங்கள் ‘ரெண்டு வயசு, ரெண்டு வயசு’ என்று கத்தத் தொடங்கினார்கள். மலாய் அறிவிப்பாளர் பக்கத்தில் பொருள் கேட்டுவிட்டு, “அடுத்து தூக்குபவர் பாக்சிக் டுவா தாஹுன்” என்று மிக மரியாதையாக அறிவித்தார். இரண்டு வயதுப் பெரியவர். மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. அண்ணன் சிரிக்கவில்லை.

கம்பி தரையைவிட்டு வரவில்லை. பிறகு வந்தது. முழங்காலில் நின்றது. நான் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டேன், அதனால் எவ்வளவு நேரம் நின்றது என்று எழுத முடியவில்லை. நடுவர் மூவரில் ஒருவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். பிறகு அண்ணனின் முதுகு மெல்ல, கதவு திறப்பதுபோல், நிமிர்ந்தது. நடுவர் மூவருக்கும் சம்மதம் என்று மூன்று வெள்ளை விளக்கு.

வெண்கலத்தைக் கழுத்தில் போட்டதும் மாலாவிடம் வந்தார். “மேல பிரிவுல தங்கம் எத்தன கிலோவுக்குப் போச்சு?”

“தொண்ணூறுண்ணே.”

“பாத்தியா” என்றார் அண்ணன். “அறுபத்திரண்டுல, அம்பத்தஞ்சு வயசுப் பசங்களோட நின்னு மூணாவது. இத எந்தத் தங்கத்துக்குடி குடுப்பேன்?” திங்கட்கிழமை காலை வெண்கலத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டே வேலைக்குப் போனார். குனியும்போதெல்லாம் அது வெளியே வந்து தொங்கியதாக மேற்பார்வையாளர் சொன்னார்.

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் சென்ற மாதம், அவர் ஓய்வு பெற்ற வாரத்தில், நான் விசாரிப்பதைக் கேள்விப்பட்டு, பாடாங் மேஹாவிலிருந்து ஓர் அம்மையார் எனக்கு எழுதினார். அவருடைய அப்பா அண்ணன் பிறந்த தோட்டத்தில் மருந்தகம் பார்த்தவர். பிரசவங்களை எழுதிய நோட்டு ஒன்று வீட்டில் இருக்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்றிருந்தது. புதன்கிழமை போனேன். அண்ணனின் அப்பா பெயர், அம்மா பெயர், ஆண் குழந்தை, அண்ணனின் பெயர். எல்லாம் தெளிவாக இருந்தது. நான்கு ஆண்டு தள்ளி இன்னொரு பக்கம். அதே அப்பா, அதே அம்மா, ஆண் குழந்தை, அதே பெயர். முதல் குழந்தை என்ன ஆனது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. அண்ணனுக்கு அண்ணன் இருந்ததாக அவர் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

வாசலிலிருந்தே அவருக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அந்த ரெண்டாவது புள்ள நானா இருந்தா, போட்டியன்னிக்கு எனக்கு அம்பத்தெட்டுதான?”

“ஆமாண்ணே.”

“அப்ப மூணாவது எடம் சுமார்தான்.”

“நோட்டுல அப்படி ஒண்ணும் உறுதியா இல்லண்ணே.”

“நல்லாப் பாத்தியா தம்பி?”

“நல்லாப் பாத்துட்டேன்.”

“அப்ப சரி” என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

ஆகவே, ரெண்டு வயசு அண்ணன் பிறந்த ஆண்டு இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை. பதிவு அலுவலகத்தில் இறப்புப் பதிவேடும் இருக்கிறது, மனுப் போட்டால் காட்டுவார்கள். நான் இன்னும் போடவில்லை.