அரசுப் பதிவு பெற்ற பாம்புக்கல்

“ஏம்ப்பா, ஒருத்தர் யோசிச்சு வெச்சதை இன்னொருத்தர் திருடிட்டா, மொதல்ல யோசிச்சவருக்கு அது மறந்து போயிடுமா?”

என் தொழில் என்னவென்று விளக்கியபோது என் மகள் கேட்ட கேள்வி இது. அவளுக்கு அப்போது வயது ஏழு. நான் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பதில் தெரியாத நேரங்களில் அந்தக் கோட்டு மிகவும் உதவும்.

அருள்நாதன், வழக்கறிஞர், காப்புரிமை மற்றும் வணிகச் சின்ன வழக்குகள். தருமபுரியில் என் பெயர்ப் பலகை அப்படித்தான் சொன்னது. சென்னையில் தொழில் பழகிவிட்டு 1979இல் ஊர் திரும்பியிருந்தேன். மாவட்டத்திலேயே இந்த வேலைக்கு நான் ஒருவன்தான். வேலை இருந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். மூன்று வருடத்தில் ஒரு பீடிக்கட்டு லேபிள், ஒரு மிக்சர் பொட்டலம். பாப்பாரப்பட்டியிலிருந்து ஒருவர், ஆளே இல்லாமல் தண்ணீர் இறைக்கும் யந்திரத்தின் படத்தோடு வந்தார். படத்தின் ஓரத்தில் ஓர் ஆள் நின்றிருந்தார்.

“இவர் யாருங்க?”

“அவரு தள்ளி வுடறவருங்க.”

தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் அந்தோணியாருக்கு வாரந்தோறும் மெழுகுவத்தி ஏற்றினேன். தொலைப்பதற்கே என்னிடம் வழக்கு இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அப்போதுதான் தீர்த்தகிரி சாமி வந்தார்.

கடத்தூர் சந்தையில் அவரைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் தக்காளிக்காரர்களுக்கு வயிறு எரியும். விரலில் ஊசியால் குத்திக்கொள்வார். பாம்புக்கடிக்கு மருந்தென்று அவர் விற்கிற, கறுப்பாக, புளியங்கொட்டை அளவில் ஒரு கல்லை அந்த ரத்தத்தில் வைப்பார். கல் ஒட்டிக்கொள்ளும். “பாத்தீங்களா, விஷத்தைக் குடிக்குது!” பிறகு அதைப் பாலில் போடுவார். குமிழி குமிழியாகக் கிளம்பும். “குடிச்ச விஷத்தைக் கக்குது!” ஊசியில் ஏது விஷம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வாயைத் திறந்தவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டு மூடிவிட்டார்கள். ஒரு கல் ஐம்பது ரூபாய்.

பொட்டலத்தில் அச்சிட்ட பாம்புப் படத்தை நான் வணிகச் சின்னமாகப் பதிவு செய்து கொடுத்தேன். பதிவு என்பது அந்தப் படத்துக்கு மட்டும். உள்ளே இருப்பது கல்லா, கரியா என்று பதிவு அலுவலகம் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. ஆனால் வாடிக்கையாளர் மனம் குளிர ஒரு யோசனை சொன்னேன்: “பொட்டலத்து மேல ‘இந்திய அரசில் பதிவு பெற்றது’ன்னு போட்டுக்கலாம் சாமி.”

என் வாழ்நாளில் நான் எழுதியவற்றிலேயே அதிகம் பேர் படித்த வரி அதுதான்.

1985இல் எதிர்ப்பு கிளம்பியது. எலும்பில் கத்திப்பிடியும் சீப்பும் செய்கிற நசீருதீன், சந்தையில் சாமிக்கு எதிரிலேயே கடை போட்டார். அதே அளவு, அதே கறுப்பு. பொட்டலத்தில் அதே பாம்பு. கீழே மட்டும் வேறு வரி: ‘சுட்ட எலும்பு. விலை நாலணா. பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போ.’

சாமி கொதித்தார். நான் அந்தோணியாருக்கு இரண்டு மெழுகுவத்தி ஏற்றினேன். மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தேன். ஏழாவது பத்தியில், இரண்டு கல்லையும் பொதுமக்களால் பிரித்தறிய முடியாது என்று எழுதினேன். ஒன்பதாவது பத்தியில், வாதி பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிவார் என்று எழுதினேன். எழுதி முடித்து நானே இரண்டு முறை படித்து ரசித்தேன்.

சாமி ஒரு சாட்சியையும் கொண்டுவந்தார். சித்தேரி மலையிலிருந்து செல்லி. அவள் கணவன் பச்சியப்பனைச் சாமை அறுப்பில் பாம்பு கடித்திருந்தது. கல் வைத்தார்கள். உயிர் தங்கியது, கால் புண்ணாகி அழுகத் தொடங்கியது. சாமி கணக்குப்படி அது போலிக் கல். வழக்கு ஜெயித்த நாளே அசல் கல்லை இலவசமாக வைப்பதாகச் சாமி சொல்லியிருந்தார். அதுவரை ஆஸ்பத்திரி பக்கம் போனால் கல் வேலை செய்யாதாம்.

“இன்னும் எத்தினி நாளுங்க ஆவும்?” என்றாள் செல்லி.

“கோர்ட்டு விஷயம்மா, அவசரப்படக் கூடாது,” என்றேன். கனிவாகத்தான் சொன்னேன். அப்புறம் வாதத்துக்கு மெருகேற்ற ஒரு வாய்தாவும் வாங்கினேன். ஒன்பது நாள்.

விசாரணை அன்று பச்சியப்பனையே கட்டிலோடு தூக்கிவரச் சொல்லியிருந்தேன். போலிக் கல்லின் கொடுமையை நீதிபதி கண்ணால் பார்க்கட்டும் என்ற ஏற்பாடு. நீதிமன்ற வளாகத்துப் புளிய மரத்தடியில் அவன் கிடந்தான். ஈ மொய்த்தது.

நசீருதீன் வக்கீல் வைக்கவில்லை. தமிழில் மொழிபெயர்த்த என் மனுவைக் கையில் வைத்திருந்தார்.

“ஒம்பதாவது பத்தி ரொம்ப நல்லா இருக்குதுங்க. பாத்த ஒடனே சொல்லிடுவாராம். சொல்லட்டுங்களே.”

நீதிபதிக்கும் அது நியாயமாகப் பட்டது. சாமியின் பொட்டலத்திலிருந்து பத்து, நசீருதீனுடையது பத்து. குமாஸ்தா சாமியுடைய கல்லுக்கு மட்டும் அடியில் சிறு மைப்புள்ளி வைத்து, தட்டில் கலந்து கொண்டுவந்தார். சாமி கண்ணை மூடி முணுமுணுத்தார். ஒவ்வொன்றையும் முகர்ந்தார். பத்தைப் பொறுக்கினார். மிச்சத்தை, “போலி! தொட்டாலே கை எரியுது!” என்று தள்ளிவிட்டார்.

திருப்பிப் பார்த்தார்கள். பொறுக்கியதில் ஏழு நசீருதீனின் நாலணாக் கல். கை எரிந்ததில் ஏழு சாமியின் சொந்தக் கல்.

நான் எழுந்தேன். “அசல் கல்லின் அடையாளம் அது விஷத்தில் மட்டும் ஒட்டும் என்பதே,” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

நீதிபதி அன்று சவரம் செய்யும்போது தாடையில் கீறிக்கொண்டிருந்தார். இன்னும் கசிந்துகொண்டிருந்தது. மைப்புள்ளிக் கல் ஒன்றை எடுத்துத் தாடையில் வைத்தார். கெட்டியாக ஒட்டிக்கொண்டது. கல் தொங்கும் முகத்தோடு என்னைப் பார்த்தார்.

“வக்கீல் சார், என்னைக் கடிச்சது பிளேடு.”

நீதிமன்றம் சிரித்து அடங்க நேரமாயிற்று. செல்லி சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“ஐயா, அப்ப நெஜக்கல்லு எதுங்க?”

சாமி என் கோட்டைப் பின்னாலிருந்து இழுத்தார். கட்சிக்காரருக்கு எதிராக வக்கீல் பேசக் கூடாது. அதைச் சட்டக் கல்லூரியில் சொல்லித் தந்தார்கள். ஈ மொய்க்கும் கட்டிலைப் பற்றி ஒன்றும் சொல்லித் தரவில்லை.

“நெஜக்கல்லுன்னு ஒண்ணு கெடையாது தாயி. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கு. இப்பவே.”

“கவுருமெண்டே எழுதிக் குடுத்திருக்குதுன்னுதானுங்க நம்புனோம். எங்க ஊர் வாத்தியாரே படிச்சுச் சொன்னாரு.”

“அதைக் கவுருமெண்டு எழுதலம்மா. நான் எழுதுனேன்.”

திட்டியிருந்தால் தேவலை. அவளுக்கு நேரமில்லை, கட்டிலை நோக்கி ஓடிவிட்டாள். கட்டிலின் முன்பக்கம் செல்லி. பின்பக்கத்தை, தன் வழக்கின் தீர்ப்புக்குக்கூட நிற்காமல், நசீருதீன் பிடித்துக்கொண்டார்.

வழக்கு தள்ளுபடி. சாமியை வாசலிலேயே போலீசார் அழைத்துப் போனார்கள். வெளியே இரண்டு பேர் பேசிக்கொண்டு போனது காதில் விழுந்தது: “ஜட்ஜு தாடையிலயே ஒட்டிச்சாமே! அப்ப சக்தியுள்ள கல்லுதாம்பா.”

நானும் நம்புகிறவன்தான். ஞாயிறு பூசை தவறியதில்லை. ஆனால் கடவுள் கழுத்துக்கு மேலே ஒன்றை வைத்தது, பொட்டலத்தைப் படித்துத் தலையாட்டுவதற்கு மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆட்டுவதற்கு முன் அதை ஒருமுறை உபயோகித்துப் பாருங்கள். இலவசம்தான். பதிவும் வேண்டாம்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முழங்காலுக்குக் கீழே எடுத்தால் பிழைப்பான், ரத்தம் வேண்டும், செல்லியுடையது சேரவில்லை என்று வராந்தாவில் பேசிக்கொண்டார்கள். செல்லி வார்டு வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நான் மறுபக்கம் சுற்றிக்கொண்டு ரத்தம் எடுக்கும் அறைக்குப் போனேன். விரலில் குத்திப் பார்த்தார்கள். சேர்ந்தது.

“நோயாளிக்கு என்ன வேணும் நீங்க?” என்று கேட்டாள் நர்ஸ்.

“ஒண்ணும் வேணாங்க,” என்றேன்.

அவள் ஊசியைக் குத்திவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டாள். அறையில் யாரும் இல்லை. பாட்டில் மெதுவாக நிறைந்தது. என் வாய்தாவில் போன ஒன்பது நாளை அதில் போட்டுத் திருப்பித் தர முடியாது என்று எனக்குத் தெரியும். கையில் இருந்ததைக் கொடுத்தேன். பிறகு கோட்டின் கையை இறக்கிவிட்டு, பின்வாசல் வழியாகப் போய் டவுன் பஸ் ஏறினேன்.