சமையலறையில் ஒட்டிய வார்த்தைகள்

ஒரு திங்கட்கிழமை காலை, வாயில் பற்பசை நுரையோடு, கண்ணாடிக்காரர் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். இன்று முதல் நாளுக்குப் பத்து ஆங்கில வார்த்தை. பூனை, நாய், மேஜை எல்லாம் இல்லை. படித்தவர்களே கேட்டுவிட்டுத் தலையைச் சொறிகிற வார்த்தைகள். நிமிர்ந்து தன் முகத்தைப் பார்த்தார். நுரைக்குப் பின்னால் ஒரு பேராசிரியர் மங்கலாகத் தெரிந்தார். அவருக்கே அவர் மேல் மரியாதை வந்தது.

கடையில் ஆளுயரக் கண்ணாடிகளை அளந்து வெட்டுவதுதான் அவர் தொழில். அதனால் தெருவில் அவர் கண்ணாடிக்காரர். நாள் முழுக்கக் கண்ணாடியோடு பழகுகிறவருக்குக் கனவு காணும் பழக்கம் எப்படியோ ஒட்டிக்கொண்டது. ஒரு பெரிய தகட்டைச் சாய்த்துப் பிடித்தால் அதில் ஒரு துண்டு வானம் வந்து விழும். மேகம் ஒன்று மெல்ல நகரும். கண்ணாடி வெட்டும் வைரமுனையைக் கையில் வைத்துக்கொண்டு அவரும் அதன் பின்னாலேயே நகர்ந்து போய்விடுவார். வாடிக்கையாளர் இருமினால்தான் திரும்பி வருவார்.

முடிவுக்குக் காரணம், முந்தின நாள் வந்த போன். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு நாலு மாதத்தில் பிரசவம். அம்மா வந்து மூன்று மாதம் கூட இருந்தால் தேவலை என்று கேட்டிருந்தாள். அப்பாவும் வரலாம் என்று கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டாள். மனைவி போனை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். சாயங்காலம் கண்ணை மூடிக் கும்பிடும்போது மட்டும் வழக்கத்தைவிட நெடுநேரம் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

கண்ணாடிக்காரர் தன் நிலைமையை எண்ணிப் பார்த்தார். இருபத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அவர் சமையலறை வாசலைத் தாண்டியதில்லை. வாசலில் நின்று கையை நீட்டினால் டம்ளர் வரும். சாப்பாடு என்பது தட்டில் தானாக விளைகிற பொருள் என்பது அவருடைய அனுபவம். அவள் மூன்று மாதம் போய்விட்டால்? விமானத்தில் கூடவே போகலாம் என்றால், ஏணியில் நாலாம் படி ஏறினாலே அவருக்குக் கால் ஆடும். இதையெல்லாம் வெளியே சொல்ல முடியுமா? ஆண்பிள்ளை அல்லவா.

ஆகவே பல் துலக்கி முடித்ததும் மனைவியிடம் விவரமாகச் சொன்னார். வெளிநாடு என்றால் சும்மா இல்லை. விசா ஆபீஸில் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். அவள் பேந்தப் பேந்த விழிப்பாள். முதலில் அவர் கற்றுக்கொள்வார். பிறகு இருவரும் ஜம்மென்று போகலாம். மூவாயிரம் வார்த்தை கொண்ட புத்தகம் ஒன்றைக் கடையில் பார்த்து வைத்தாகிவிட்டது.

“மூவாயிரம்னா எவ்வளவு நாளாகும்?” என்று கேட்டாள் அவள்.

“தினம் பத்து. முந்நூறு நாள்.”

அவள் விரலை மடக்கவில்லை. கணக்குப் போட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. “குழந்தை அதுக்குள்ள தவழ ஆரம்பிச்சுடும்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோசைக்கல்லைத் துடைக்கப் போய்விட்டாள்.

கண்ணாடிக்காரர் படித்த விதம் உலகத்தில் வேறு யாரும் படிக்காத விதம். கண்ணாடித் தகடுகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க இடையில் மெல்லிய தாள் வைத்து வரும். அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, அளவுகோல் வைத்து, எல்லாம் ஒரே அளவில் சீட்டாக வெட்டினார். முன்பக்கம் வார்த்தை, பின்பக்கம் அர்த்தம். மேல் ஓரத்தில் மட்டும் பசை தடவி வீடெங்கும் ஒட்டினார். தூக்கிப் பார்த்தால் அர்த்தம் தெரியும். ஒவ்வொன்றையும் மட்டக்கோல் வைத்துச் சரிபார்த்தார். ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் பிய்த்து மறுபடி ஒட்டினார். கடையில் வராத சிரத்தை எல்லாம் இதில் வந்தது.

குளியலறைக் கண்ணாடியில் ‘மேக்னானிமஸ்’: பெருந்தன்மை. பீரோவில் ‘மெலன்கலி’: இனம் தெரியாத சோகம். சுவர்க்கடிகாரத்துக்கு அடியில் ‘பெர்பெச்சுவல்’: முடிவே இல்லாதது. அவள் கும்பிடும் மூலைக்கு மேலே ‘யுபிக்விட்டஸ்’: எங்கும் நிறைந்தது. அதை மட்டும் அவள் நின்று பார்த்து, தூக்கி அர்த்தம் படித்து, “இவருக்கு இப்படி ஒரு பேரு இருக்கிறது எனக்குத் தெரியாமப் போச்சே” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வாரக் கடைசியில் அவளே வந்து, சமையலறையிலும் நாலு சீட்டு ஒட்டச் சொன்னாள். நாள் முழுக்க அங்கேதானே நிற்கிறேன், எனக்கும் பொழுது போகும் என்றாள். கண்ணாடிக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. மட்டக்கோலோடு முதன்முறையாக வாசலைத் தாண்டி உள்ளே போனார். அரிசி டப்பா, உப்பு ஜாடி, அடுப்பு, ஜன்னல், பாத்திரம் கழுவும் தொட்டி என்று முப்பது சீட்டு ஒட்டினார். கண்ணெல்லாம் மட்டத்தின் மேலேயே இருந்தது. என்ன வார்த்தை ஒட்டினோம் என்று பார்க்க நேரமில்லை. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். அதோடு சரி, திரும்ப உள்ளே போகவில்லை.

நாட்கள் மிதந்தன. சாயங்காலங்களில் சாய்வு நாற்காலியில் படுத்து, கண்ணை மூடிக்கொள்வார். கண்ணை மூடினால் வீடு உள்ளே வரும். மனத்தால் அறை அறையாக நடப்பார். கண்ணாடிக்கு முன்னால் நிற்பார், பெருந்தன்மை வந்து கைகொடுக்கும். பீரோவைத் தாண்டினால் சோகம் பெருமூச்சு விடும். கடிகாரத்தடியில் முடிவின்மை டிக் டிக் என்று சொட்டும். பிறகு வீடும் கரைந்துவிடும். பளபளக்கும் தரையுள்ள ஒரு விமான நிலையத்தில் அவர் நடந்து போவார். அதிகாரிகள் எழுந்து நிற்பார்கள். அவர் ஒரு வார்த்தை சொல்வார். அவர்கள் ஆளுக்கொரு அகராதியை எடுத்துப் புரட்டுவார்கள். அதற்குள் வாய் பிளந்து, குறட்டை கிளம்பிவிடும். மனைவி விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டுப் போவாள்.

இரண்டு மாதம் ஆனது. ஒரு ஞாயிறு மத்தியானம் அவள் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நாற்காலிக் கையில் வைத்தாள். மகளே அங்கிருந்து கம்ப்யூட்டரில் இருவருக்கும் விண்ணப்பம் போட்டுவிட்டாளாம். புதன்கிழமை விசா ஆபீஸில் நேர்காணலாம்.

கண்ணாடிக்காரர் எழுந்து உட்கார்ந்தார். அறுநூறு வார்த்தைதான் ஆகியிருக்கிறது, இன்னும் இரண்டாயிரத்து நானூறு பாக்கி, அரைகுறையாகப் போய் மானத்தை வாங்கிக்கொள்ள முடியுமா, தேதியை மாற்றச் சொல் என்றார்.

அவள் சண்டை போடவில்லை. முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றாள்.

“சரிங்க. ஒரே ஒரு வார்த்தை கேக்கறேன். சொல்லிட்டீங்கன்னா தேதியை மாத்திடலாம். சொல்லலைன்னா புதன்கிழமை போயிட்டு வந்துடுவோம்.”

“ஒன்னு எதுக்கு? பத்து கேளு.”

“ஒன்னு போதும். நீங்க ஒட்டினதுலேர்ந்துதான் கேப்பேன்.”

“ஒட்டினது எல்லாம் எனக்கு விரல் நுனி.”

“ஒரு காரியத்தை இன்னைக்கு நாளைக்குன்னு தள்ளிப்போட்டுக்கிட்டே இருக்கறதுக்கு என்னங்க வார்த்தை?”

கண்ணாடிக்காரர் புன்னகையோடு கண்ணை மூடினார். வீட்டுக்குள் நடந்தார். குளியலறை, இல்லை. பீரோ, இல்லை. மாடிப்படி, செருப்பு அலமாரி, கட்டில் தலைமாடு, ஒன்றிலும் இல்லை. நடந்து நடந்து சமையலறை வாசலுக்கு வந்துவிட்டார். உள்ளே ஒரே ஆவி. தண்ணீர் விழுகிற சத்தம். வளையல் சத்தம். வழக்கம்போலக் கையை நீட்டினார். கையில் ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது. வார்த்தை வரவில்லை.

கண்ணைத் திறந்தார். 

“ப்ரொக்ராஸ்டினேட்” என்றாள் அவள், நாக்குப் புரளாமல். “பாத்திரம் கழுவற இடத்துல ஒட்டியிருக்கு. தினம் மூணு தரம் பாக்கறேன்.”

புதன்கிழமை போனார்கள்.

விசா ஆபீஸில் வரிசை வரிசையாக நாற்காலி. கையில் எண் போட்ட சீட்டு. தடுப்புக் கண்ணாடியில் பேசுவதற்கு ஒரு வட்ட ஓட்டை. ஓரம் சரியாகத் தேய்க்கவில்லை, எவனோ கற்றுக்குட்டி வெட்டியது என்று கண்ணாடிக்காரர் மனத்துக்குள் சொல்லிக்கொண்டார். அதில் கொஞ்சம் தெம்பு வந்தது. பக்கத்துப் பக்கத்து ஜன்னலுக்கு இருவரையும் கூப்பிட்டார்கள்.

அவருடைய ஜன்னலில் சிவப்புச் சட்டை போட்ட ஓர் அதிகாரி. எதற்காகப் போகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேள்வி புரிந்தது. பதிலுக்குக் கண்ணாடிக்காரர் கண்ணை மூடி வீட்டுக்குள் நடக்கத் தொடங்கினார். முதலில் வந்தது குளியலறை. தன் நோக்கம் மேக்னானிமஸ் என்றார். அதிகாரி தலையை ஆட்டினார். அடுத்து பீரோ. தன் மகள் மெலன்கலி என்றார். அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார். எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டார்.

நாள் என்றதும் அவர் மனம் நேராகக் கடிகாரத்தடியில் போய் நின்றது.

“பெர்பெச்சுவல்” என்றார், கம்பீரமாக.

அதிகாரியின் பேனா நின்றது. திரும்பி வருவதாக உத்தேசமே இல்லையா என்று மெதுவாகக் கேட்டார். அந்த மென்மையைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, கண்ணாடிக்காரர் இன்னொரு முறை, இன்னும் அழுத்தமாக, அதையே சொன்னார்.

அடுத்த ஜன்னலில் மனைவியின் குரல் கேட்டது. வீட்டில் பேசுகிற அதே குரல்.

“மை டாட்டர். பேபி. ஐ ஹெல்ப். த்ரீ மந்த்ஸ். ஐ கம் பேக்.”

அந்தப் பக்கம் ஒரு பெண் சிரித்து, ஆணா பெண்ணா என்று கேட்டாள். “காட் நோஸ்” என்றாள் இவள். முத்திரை விழுகிற சத்தம் கேட்டது.

கண்ணாடிக்காரருக்கும் ஒரு காகிதம் கிடைத்தது. வாசலில் நின்று, தன் அறுநூறு வார்த்தைகளின் உதவியோடு படித்தார். ஆறு மாதம் கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம். வரும்போது ஆங்கிலம் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்து வரவும்.

“என்னங்க எழுதியிருக்கு?” என்றாள் மனைவி.

“அடுத்த தடவை உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்றான்.”

அவள் சிரிக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவருக்கு விட்டுக்கொடுத்தாள்.

கிளம்புகிற நாள் வந்தது. மகளின் மாதக் கணக்கு நெருங்கிக்கொண்டிருந்தது. பெட்டியை மூடி, மூலையில் நின்று கும்பிட்டு, எங்கும் நிறைந்தவரிடம் அவரை ஒப்படைத்துவிட்டு, மனைவி போய்விட்டாள். வீடு சட்டென்று பெரிதானது. சீட்டுகள் மட்டும் காற்றில் மெல்லப் படபடத்தன, ஆளில்லாத கூட்டத்தில் கை தட்டுகிற மாதிரி.

மறுநாள் காலை பழக்க தோஷத்தில் சமையலறை வாசலில் நின்று கையை நீட்டினார். கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றார். ஒன்றும் வரவில்லை. பசி வந்தது. உள்ளே போனார்.

ஜன்னல் வழியே வெயில் சாய்ந்து விழுந்து, டம்ளர்களின் விளிம்பில் எல்லாம் ஒரு பொட்டு வைத்திருந்தது. இவ்வளவு அழகான இடமா என்று நின்றுவிட்டார். அரிசி டப்பாவில் ஒரு சீட்டு, மட்டம் பிசகாமல் இருந்தது. ‘அபண்டன்ட்’. தூக்கிப் பார்த்தார். அவர் எழுதிய ‘ஏராளம்’. அதற்குக் கீழே கோழி கிண்டிய மாதிரி மனைவியின் கையெழுத்து: “ஒரு ஆளுக்கு ஒரு டம்ளர் போதும். தண்ணி ரெண்டரை.”

உப்பு ஜாடியில் ‘மாடரேஷன்’. மிதம். கீழே: “அரைக் கரண்டி. ருசி பாத்துட்டு அப்புறம் போடுங்க.”

அடுப்புக்கு மேலே ‘விஜிலன்ஸ்’. விழிப்பு. கீழே: “பாலை வெச்சுட்டு மேகம் பாக்கப் போயிடாதீங்க.”

ஜன்னலில் ‘சாலிட்யூட்’. தனிமை. கீழே: “தினம் ஏழு மணிக்குக் கூப்பிடுவேன். அதுக்குள்ள சாப்பிட்டிருக்கணும்.” அதைக் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார்.

பிறகுதான் ஒன்று உறைத்தது. அவள் எழுதிய மை ஆவி பட்டு மங்கியிருந்தது. தாள் ஓரம் எண்ணெய் குடித்துப் பழுத்திருந்தது. நேற்று அவசரத்தில் எழுதியது இல்லை. சீட்டு ஒட்டிய அந்த வாரமே எழுதியது. விசாவுக்கு இரண்டு மாதம் முன்பே. அவர் கண்ணை மூடி விமான நிலையத்தில் நடந்துகொண்டிருந்தபோதே, அவள் இங்கே நின்று பாத்திரம் கழுவிக்கொண்டே, யார் போகப்போகிறார், யார் இருக்கப்போகிறார் என்று முடிவு செய்துவிட்டாள்.

சோறு வைத்தார். கொஞ்சம் குழைந்தது, ஆனால் சோறுதான். நின்றபடியே சாப்பிட்டார். தட்டையும் பானையையும் தொட்டியில் போட்டுவிட்டு, ராத்திரிக்குப் பார்த்துக்கொள்ளலாம், சாய்வு நாற்காலியில் படுத்து ஐந்து நிமிடம் கண்ணை மூடலாம் என்று திரும்பினார். குழாய்க்கு மேலே சீட்டு ஒன்று காற்றில் லேசாக எழும்பி அடங்கியது. ‘ப்ரொக்ராஸ்டினேட்’. அர்த்தம்தான் தெரியுமே என்று நடந்தார். இரண்டு அடி வைத்ததும் மனம் கேட்கவில்லை. வந்து தூக்கிப் பார்த்தார். இதில் மட்டும் மை புதிது, கிளம்பும் முன் எழுதியது.

“சோறு காயறதுக்குள்ள கழுவிடுங்க. பின்னால திரும்பாதீங்க, பக்கத்து வீட்டு அக்கா, மாமியார் வீட்டுக்காரங்க வர்றாங்கன்னு சாய்வு நாற்காலியை வாங்கிட்டுப் போயிட்டாங்க. மூணு மாசம் கழிச்சுத் தருவாங்க.”

கண்ணாடிக்காரர் குழாயைத் திறந்தார்.