மேஸ்திரி கொடுத்த பயிற்சி

“இன்னும் ரெண்டு விரக்கடை கீழ இறங்கணும். முட்டி எங்க மடங்குச்சு?” என்று அதட்டினார் மேஸ்திரி.

“எப்படின்னு நீங்க ஒரு தடவை செஞ்சு காட்டுங்க,” என்றாள் மனைவி.

மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்தார். பத்தாவதில் இடுப்பு பழைய கதவுக் கீல் மாதிரிக் கத்தியது.

“கடைசியா செஞ்சத நான் சரியாப் பாக்கலைங்க.”

மேஸ்திரிக்குச் சர்க்கரை வந்து ஏழு வருஷம். நடக்கச் சொன்ன டாக்டரிடம், “முப்பது வருஷம் கட்டடத்துல சாரம் ஏறின ஒடம்பு, இதுக்கு எதுக்குங்க நடை?” என்று மார்தட்டிவிட்டு வந்தவர். இப்போது வேலையிடத்தில் நாற்காலி போட்டு ஆட்களை விரட்டுவதோடு சரி.

ஆனால் மனைவி ஒருநாள் மருத்துவமனையிலிருந்து வந்து, “எனக்கும் சர்க்கரையாம். மூணு மாசத்துல குறையலன்னா தெனமும் ஊசியாம். கூட ஒரு ஆள் நின்னு பயிற்சி செய்ய வைக்கணுமாம்,” என்றபோது ஆடிப்போனார். எறும்பு கடித்தாலே ஊரைக் கூட்டுகிறவள். தினமும் ஊசியை எப்படித் தாங்குவாள்?

“ஆள் எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்று களத்தில் இறங்கினார்.

மாடியில் நடக்கும்போது சுற்றுக்கணக்கு தப்பியது. உடனே இருபது செங்கல்லை மேலே ஏற்றினார். சுற்றுக்கு ஒரு கல் வீதம் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்ற வேண்டும். லோடு எண்ணி இறக்குகிற அதே முறை.

“குனிஞ்சா தலை சுத்துதுங்க,” என்றாள் அவள். கல் மாற்றுகிற வேலையும் அவர் தலையில் விழுந்தது.

நான்காம் நாள் வீட்டுச் சொந்தக்காரர் மூச்சிரைக்க மேலே வந்தார். “யாரைக் கேட்டு மாடியில ரூம் கட்டறீங்க?”

“ரூம் இல்லைங்க, சர்க்கரைக்கு…”

“சர்க்கரை மூட்டைக்குக் குடோனா? முதல்ல எல்லாத்தையும் இறக்குங்க!”

இருபது கல்லும் இறங்கின. இறக்கியது யார் என்று சொல்லத் தேவையில்லை.

பிறகு தெருவில் நடை. பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தவள் அங்கே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். “தண்ணி பாட்டில மறந்துட்டேங்க.” அவர் வீட்டுக்கு ஓடினார். மறுநாள் மூக்குக்கண்ணாடி. அதற்கடுத்த நாள், “கதவப் பூட்டினோமா?” ஆக, அவள் ஒரு தடவை நடந்தால் இவர் மூன்று தடவை நடந்தார். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டி வந்தது.

“உன் கவலையிலயே நான் இளைச்சுட்டேன், பாரு.”

மாதாமாதம் ரத்தம் எடுக்கும் இடத்திலும் இதே கூத்துதான். “நீங்க முதல்ல குத்திக்குங்க. பாத்தா எனக்குப் பயம் தெளியும்,” என்பாள். அவர் சிங்கம் மாதிரிக் கையை நீட்டுவார். பிறகு அவள் உள்ளறைக்குப் போய், கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வருவாள்.

மூன்றாம் மாதம் நர்ஸ் தாளோடு வெளியே வந்தாள். “மூணு மாசச் சராசரி சர்க்கரை ஒன்பதரை இருந்தது ஆறே முக்காலுக்கு வந்திருச்சு! ஊசி வேண்டாம்னு டாக்டரே சொல்லிட்டாரு.”

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேஸ்திரி அவள் தோளில் கை வைத்து, வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: “பாத்துக்குங்க! இது நான் கட்டி நிமித்தின ஒடம்பு!”

நர்ஸ் சிரித்தாள். “மேஸ்திரி, அம்மாவுக்கு இங்க ஃபைலே கிடையாது. உள்ள வந்து பஞ்சு மட்டும் வாங்கிட்டுப் போவாங்க. இந்தத் தாள்ல இருக்கறது உங்க ரத்தம்.”