தீநீர் அண்ணனின் பச்சைப் பாட்டில்

வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவைத் தொடாமல், ஒரு மதுவின் மானத்துக்காக ஊரோடு சண்டை போட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் திண்டுக்கல்லில், எங்கள் எதிர்வீட்டில் இருந்தார் என்பதில் எனக்கு அளவில்லாத பெருமை.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். எங்களுக்கு அவர் தீநீர் அண்ணன். சோம்பை ஊறவைத்துக் கொதிக்கவிட்டு, ஆவியைப் பிடித்துக் குளிரவைத்து, சொட்டுச் சொட்டாக இறக்குகிற சோம்புத் தீநீர்தான் அவர் தொழில். ஒரு சித்த மருந்துக் கடைக்குக் கொடுத்துவந்தார். அதற்கு முறையான காகிதமும் இருந்தது. கொல்லையில் பெரிய செம்புப் பானை; தலையில் குளிர்ந்த தண்ணீர் நிற்கும் மூடி; பக்கவாட்டில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். இதற்கு வாலை என்று பெயர். விவரம் தெரியாதவர்கள் பார்த்தால் சாராய அடுப்பு என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அய்யலூர்ச் சந்தை ஆடு எங்கள் தெரு வயிறுகளில் முட்டத் தொடங்கும். மூன்று மணிக்கு டம்ளரோடு அவர் வாசலில் நிற்போம். தீநீர் இலவசம். ஆனால் அதற்கு முன்னால் அப்சிந்த் என்ற வெளிநாட்டுப் பச்சை மதுவின் சரித்திரத்தைக் கேட்டே ஆகவேண்டும்.

"ஏலே, கேளுங்க. சுவிட்சர்லாந்துல ஒரு மலை. நம்ம சிறுமலைன்னு வச்சுக்கங்க. அங்கன மருந்தா ஆரம்பிச்சது இது. சோம்பும் ஒரு கசப்புத் தழையும் சேரும். அந்தத் தழை யாருங்கிறீங்க? நம்ம மரிக்கொழுந்துக்கு ஒண்ணுவிட்ட அக்கா! காய்ச்சல் வராம இருக்கட்டும்னு பிரான்சு பட்டாளத்துக்கு ஊத்துனாய்ங்க. சிப்பாய் ஊருக்குத் திரும்புனான், நாக்கு திரும்பல. அப்புறமென்ன, சாயங்காலமானா பாரிஸே பச்சை!"

இந்த இடத்தில் குரல் கம்மும்.

"பெறகு ஒருத்தன், காலையிலருந்து ஒயினையும் பிராந்தியையும் மாடு கழுநீர் குடிக்கிற மாதிரி குடிச்சுப்புட்டு, கொலை பண்ணிட்டான். இந்தப் புள்ளைய அவன் ரெண்டே கிளாஸ்தான் தொட்டிருக்கான். பழி யார் மேல? இந்தப் புள்ள மேல! நூறு வருசம் கிட்டத்தட்ட தடை! நாயமா இது?"

"நாயமே இல்லண்ணே, ஊத்துங்க" என்போம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

ஒருநாள் கேட்டேன்: "நீங்க குடிச்சுப் பாத்திருக்கீங்களாண்ணே?"

"சீ! என்னைக் குடிகாரன்னு நெனச்சியா?"

அன்றைக்குத்தான் அந்தச் சபதம். "போதையில என்ன அப்பு சாமர்த்தியம் இருக்கு? வாசத்துலதான் இருக்கு. போதையே இல்லாம அந்தப் புள்ளைய நான் இறக்கிக் காட்டுறேன். நீ போய் மரிக்கொழுந்து வாங்கியா."

பூ மார்க்கெட்டில் ஒரு கூடை மரிக்கொழுந்து வாங்கி வந்து கொடுத்தேன். சோம்போடு அதைப் போட்டு இறக்கினார். இறங்கியதில் புதினாவைக் கசக்கி ஊறவைத்தார். ஆறு பாட்டில், ஆறும் பச்சை. தெருவே மணத்தது. அந்த மணத்தில் நானும் கொஞ்சம் பெருமையாகத் தெரு முக்கில் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது ஒரு ஜீப் வந்து நின்றது. மதுவிலக்குப் பிரிவு என்று எழுதியிருந்தது. கண்ணாடியை இறக்கி இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டார்: "ஏங்க, பேகம்பூருக்கு இப்படிப் போகலாமா?"

நான் சொன்ன பதில்: "மேடம், எதிர்வீட்ல சாராயமெல்லாம் காய்ச்சல மேடம்!"

கேட்காத கேள்விக்குப் பதில் சொன்ன அந்த வாயை நான் இன்னும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஜீப் எஞ்சின் அணைந்தது. "எந்த எதிர்வீடு?" என்றார். விரல் தானாக நீண்டது. அன்று என் உறுப்புகள் எதுவும் என் பேச்சைக் கேட்கவில்லை.

அண்ணன் கைகூப்பி வரவேற்றார். "வாங்கம்மா. நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்கீக."

வாலையைப் பார்த்தார்கள். காகிதத்தைப் பார்த்தார்கள். சரியாகத்தான் இருந்தது. அதோடு போயிருப்பார்கள். கூட வந்த ஏட்டு, ஆறு பச்சைப் பாட்டில்களையும் பார்த்துவிட்டார்.

"இது என்னய்யா?"

"புதினாச் சட்னின்னு சொல்லுங்கண்ணே" என்று பின்னாலிருந்து முனகினேன். தீநீர் அண்ணனா பொய் சொல்வார்?

"இதுங்களா? அப்சிந்த். வெளிநாட்டுல ராஜா வீட்டுச் சரக்கு. நம்மது போதையில்லாத சரக்கு."

சரக்கு என்ற சொல்லைக் கேட்டதும் ஏட்டு நோட்டை எடுத்தார். நான் சோம்பு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் ஒரு மூடி அளவு தரையில் ஊற்றித் தீக்குச்சி கிழித்தார். குச்சிதான் அணைந்தது.

"குச்சியை வீணாக்காதீகம்மா" என்றார் அண்ணன். "ஒரிஜினல்ல தண்ணி ஊத்துனா பால் மாதிரி வெளுக்கும். சோம்பு எண்ணெயைக் கரைச்சு வச்சிருக்கிறது ஸ்பிரிட்டு. தண்ணி சேந்தா எண்ணெய் பிரிஞ்சு வெளுக்குது. இந்தா, நம்மதுல ஊத்துறேன். வெளுக்குதா? வெளுக்கல. அப்ப ஸ்பிரிட்டு இல்ல."

"இம்புட்டும் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இன்ஸ்பெக்டர் அம்மா அதைக் கேட்டிருக்கக் கூடாது. சிறுமலை, சிப்பாய், பாரிஸ் என்று கால் மணி நேரம் ஓடியது. ஏட்டு "நூறு வருசமா? அநியாயமால்ல இருக்கு" என்று உச்சுக்கொட்டினார். ஆனால் இன்ஸ்பெக்டர் அம்மா கடமையில் நின்றார். "காகிதத்துல சோம்புத் தீநீர் மட்டும்தான் இருக்கு. பச்சை இல்ல. சாம்பிள் எடுத்துட்டுப் போறோம். ரிசல்ட் வர்ற வரைக்கும் பானையை அடுப்புல ஏத்தாதீங்க. சாராயம்னு வந்தா பானையும் போயிரும், காகிதமும் போயிரும்."

அண்ணன் முகம் முதல்முறையாக வாடியது. ஏட்டு அரக்கு முத்திரை வைக்கப்போனபோது, "ஏட்டய்யா, கொஞ்சம் தள்ளி வைங்க. குழாய் வாயில பட்டா வாசம் கெட்டுப்போகும்" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலையே நான் ஜெயிலுக்கு வேட்டி துண்டு எடுத்துவைத்தேன். என் மனைவி கேட்டாள்: "உங்களை எதுக்குப் பிடிக்கிறாங்க?"

"மரிக்கொழுந்து வாங்குனது நான்தானே!"

"அதுக்கெல்லாம் பிடிச்சா மொதல்ல என் ஜடையைத்தான் பிடிக்கணும். சாப்ட வாங்க."

ஆனால் தெரு சிரிக்கவில்லை. "அவரு காய்ச்சுறாராமே" என்று பேச்சு கிளம்பியது. டம்ளரோடு நின்றவர்களே அவர் வாசல் வந்தால் எதிர்ப்பக்கமாக ஒதுங்கி நடந்தார்கள். இரண்டு ஞாயிறு தீநீர் இல்லாமல் போயிற்று. தெரு முழுக்க ஏப்பம். அண்ணன் தினமும் அரக்கைத் தொடாமல் பானையை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தார். என்னால் பார்க்க முடியவில்லை. போய்ச் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, காட்டிக்கொடுத்தது நான்தான்."

"தெரியும் அப்பு. நீ கத்துனது கொல்லை வரைக்கும் கேட்டுச்சே."

"அப்புறம் ஏண்ணே என்னை ஒண்ணுமே சொல்லல?"

"ரிசல்ட் வரட்டும். சர்க்காரே சோதிச்சுப் பாத்த தீநீர் இந்த ஜில்லாவுல நம்மது மட்டும்தான்னு இருக்கும். செத்த நேரம் பொறு."

அந்தச் செத்த நேரத்துக்கு இன்னும் நாலு நாள் ஆயிற்று. இன்ஸ்பெக்டர் அம்மாவே வந்தார். தெரு மொத்தமும் வாசலில் கூடிவிட்டது. "ஆல்கஹால் துளிகூட இல்லை" என்று படித்துவிட்டு, தன் கையாலேயே அரக்கை உடைத்தார். "பச்சையை விக்கிறதா இருந்தா தனியா அனுமதி வாங்கிக்கங்கண்ணே."

"விக்கவா இறக்குனேன்? போதையில்லாமலும் அவளால நிக்க முடியும்னு நிரூபிச்சாச்சு. அது போதும்மா."

அந்தக் கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்: "அது சரிண்ணே, போலீசுக்குப் போட்டுக்கொடுத்தது எந்தப் பய?"

நான் பக்கத்தில் நின்றவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லல. வாசத்தைப் பிடிச்சு அவுகளாவே வந்தாக. ஜீப்புல போறவுக மூக்கு வரைக்கும் போயிருக்குன்னா, நம்ம இறக்குனது அம்புட்டு சுத்தம்!"

இன்ஸ்பெக்டர் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "ஆமா, வாசம்தான்" என்றார்.

எனக்கு உடன்பிறந்த அண்ணன் இல்லை என்று அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்வதில்லை.