எண்ணெய்ப் பரோட்டாவும் இங்க் டேங்க் பிரிண்டரும்

இந்தக் கதையைப் பல வருஷமாக நான் முழுசாக நம்பவில்லை. சொன்னவன் மகேஷ்குமார். என் பள்ளித் தோழன், விருதுநகரில் எனக்கு எதிர்வீட்டுக்காரன். பொய் சொல்லத் தெரியாதவன். பலமுறை முயன்று தோற்றிருக்கிறான். ஆனாலும் கதையில் ஒரு இடம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நான் பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிற ஆள். கோளாறு கதையிலா, என்னிடமா என்று யோசித்தே பாதித் தூக்கம் போய்விட்டது. முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மகேஷ்குமார் சிவகாசிப் பட்டாசுக்கும் காலண்டருக்கும் வெளியூர் ஆர்டர் பிடித்துக் கொடுப்பவன். ஊரடங்குக் காலத்தில் மாடி அறையில் ஒரு மேஜையைப் போட்டு, அதற்கு ஆபீஸ் என்று பேர் வைத்தான். பில், விலைப்பட்டியல், லோடு சீட்டு எல்லாம் அங்கேயே அடிப்பான். அதற்கு ஒரு பழைய கார்ட்ரிட்ஜ் பிரிண்டர். தீப்பெட்டி அளவு டப்பாவில் மை. நாலு பில் அடித்தால் தீர்ந்துவிடும். மற்றவர்களுக்கு அது குறை. மகேஷ்குமாருக்கு அதுதான் அந்த மிஷினின் ஒரே சிறப்பு.

ஏனென்றால், மை ரொப்புகிற கருப்பணன் கடை பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்தது. அதை ஒட்டியே பரோட்டாக் கடை. எங்கள் ஊர் எண்ணெய்ப் பரோட்டா, கல்லில் குளம் கட்டி நிற்கும் எண்ணெயில் நீச்சலடித்துப் பொன்னிறமாகக் கரையேறும். கொழுப்பு ஏறிப்போச்சு என்று டாக்டர் அதைத் தடை செய்திருந்தார். டாக்டர் தடை செய்தது ஒரு தரம். சுகிர்தா தடை செய்தது வேளைக்கு ஒரு தரம்.

சுகிர்தா அவன் மனைவி. சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும் பிரஸ்காரர் மகள். அதிர்ந்து பேசமாட்டாள். என் மனைவியும் அவளும் ஷேர் ஆட்டோவில் ஒன்றாகத்தான் மார்க்கெட் போய் வருவார்கள். அவள் ஏறினால் ஆட்டோக்காரர் பாட்டுச் சத்தத்தைத் தானாகவே குறைத்துவிடுவார்.

ஒருநாள் துவைக்க எடுத்த சட்டையை அவள் முகர்ந்து பார்த்தாள்.

“என்னங்க, சட்டையில எண்ணெய் வாடை அடிக்கு?”

“மை வாடை. கருப்பணன் கடையில கொட்டிட்டான்.”

“மை சீமெண்ணெய் வாடைல்ல அடிக்கும். எங்க பிரஸ்ல அப்படித்தான்.”

“அது பெரிய மிஷின் மை. இது வேற.”

“சால்னா வாடை அடிக்கிற மையா?”

“புதுக் கம்பெனி” என்றான்.

அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டால்தான் பயப்பட வேண்டும் என்பது மகேஷ்குமாருக்கு அன்று மறந்துபோயிற்று.

அடுத்த வாரம் பிரிண்டர் செத்தது. தீபாவளி சீசன் வேறு. புதுசு வாங்கியே ஆக வேண்டும். கேட்டவரெல்லாம் இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கு என்றார்கள். பாட்டிலில் இருக்கிற மையைத் தொட்டியில் ஊற்றிவைத்தால் மாசக்கணக்கில் கவலையில்லையாம். மகேஷ்குமார் மனசுக்குள் கணக்குப் போட்டான். மாசக்கணக்கில் மை தீராவிட்டால், மாசக்கணக்கில் பரோட்டா இல்லை.

அன்று குளிக்கும்போது சபதம் செய்தான். இந்த வீட்டில் அவன் இதுவரை தேர்ந்தெடுத்தது அவனுடைய பனியன் சைஸ் மட்டும்தான். அதுவும் இப்போது டாக்டர் கையில். இந்த ஒன்றிலாவது அவன் வைத்ததுதான் சட்டம்.

காரணங்களை மனப்பாடம் செய்துகொண்டு அடுப்படிக்கு வந்தான். சுகிர்தா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“சுகிர்தா, பிரிண்டர்ல டேங்க் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். கொஞ்ச நாள் அடிக்காம விட்டா மை வர்ற ஹெட் அடைச்சுக்கும். சாய்ஞ்சா மை வீடெல்லாம் ஓடும். கார்ட்ரிட்ஜ்தான்.”

“சரிங்க.”

மகேஷ்குமார் இதற்குத் தயாராக வரவில்லை. “என்ன சரி?”

“ஆபீஸ் உங்களோடது. நான் என்னத்தக் கண்டேன். கார்ட்ரிட்ஜே வாங்குங்க.”

வாழ்க்கையில் முதல் வெற்றி. அதைக் கையில் வாங்கி எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

“ஒண்ணே ஒண்ணு” என்றாள் அவள். “சீசன் நேரத்துல நீங்க மைக்காக அலைய வேண்டாம். இனிமே கருப்பணன் கடைக்கு நானே போயி ரொப்பிட்டு வந்திருதேன்.”

“நீயா? எப்படிப் போவ?”

“உங்க ஸ்கூட்டியிலதான். ஹர்ஷினி லீவுக்கு வந்தப்ப கத்துக்குடுத்தாள்ல.”

ஹர்ஷினி மதுரையில் காலேஜ் படிக்கும் மகள்.

“எனக்குத் தெரியாதே.”

“நீங்க மாடியில ஆபீஸ் நடத்திக்கிட்டுல்ல இருந்தீக. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

மகேஷ்குமார் கண்முன் கருப்பணன் வந்து நின்றான். கருப்பணனிடம் ஒரு ரகசியத்தைச் சொன்னால் அது அடுத்த பஸ்ஸிலேயே காரியாபட்டிக்குப் போய்விடும். ‘வாங்கக்கா, அண்ணன் வரலியா? பரோட்டா மாஸ்டர் அண்ணனுக்குன்னு தனியா எடுத்து வச்சிருக்காரே’ என்பான். அதோடு எல்லாம் முடிந்தது.

“வேண்டாம் சுகிர்தா.”

“எது?”

“கார்ட்ரிட்ஜ். யோசிச்சுப் பாத்தா டேங்க்தான் நல்லது.”

“இப்பத்தான ஹெட் அடைச்சுக்கும்னீக.”

“தினம் அடிச்சா எதுக்கு அடைக்குது?”

“மை வீடெல்லாம் ஓடும்னீக.”

“அதை யாரு சாய்க்கப் போறா?”

“எனக்கென்னமோ கார்ட்ரிட்ஜே தேவலன்னு படுது. நானும் வண்டி ஓட்டிப் பழகுன மாதிரி இருக்கும்.”

“உனக்குப் பிரிண்டரைப் பத்தி என்ன தெரியும்? டேங்க்தான். இந்த வீட்டுல ஒரு விஷயத்துலயாவது என் பேச்சு நிக்கணும்.”

“நீங்க அம்புட்டு உறுதியாச் சொன்னா நான் என்ன செய்ய” என்று வெண்டைக்காய்க் காம்பைக் கிள்ளிப் போட்டாள் சுகிர்தா.

மறுநாளே புது பிரிண்டர் வந்தது. முகப்பில் வரிசையாகத் தொட்டிகள்: கருப்பு, நீலம், மஞ்சள், பிரஸ்காரர்கள் மெஜந்தா என்று சொல்லும் ரோஸ். எது எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும். தீபாவளி போயிற்று. காலண்டர் சீசனும் போயிற்று. பில் அடித்து அடித்துக் கருப்பு கொஞ்சம் இறங்கியது. அதைவிட அதிகமாக மகேஷ்குமார் இறங்கியிருந்தான். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது.

ஒரு மத்தியானம் அவனுக்கு ஞானம் பிறந்தது. மை தானாகத் தீராது, தீர்க்க வேண்டும். தீர்ந்தால் பாட்டில் வாங்கப் போயாக வேண்டும். பக்கம் முழுக்க நிறைகிற மாதிரி ஏதாவது படத்தை அடித்துத் தள்ளினால் போதும். என்ன படம்? அவன் செல்போனில் ஒரே ஒரு படம்தான் பெரிதாக, தெளிவாக, ஆசையாக எடுத்துவைத்திருந்தான். கதவைச் சாத்திக்கொண்டு பரோட்டா பரோட்டாவாக அடித்தான். அடித்ததையெல்லாம் சுக்கல் சுக்கலாகக் கிழித்துச் சாக்கில் கட்டினான். கிழிக்க மனசு வராமல் ஒன்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தானாம்.

பிறகு மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தான். “சுகிர்தா, மை தீர்ந்து போச்சு. கடைக்குப் போயிட்டு வாரேன்.”

அவள் மேலே வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். குனிந்து தொட்டிகளைப் பார்த்தாள்.

“என்ன அடிச்சீக?”

“பில்லு. பூராவும் பில்லு.”

“கருப்பு நெறைய இருக்கே.”

மகேஷ்குமார் சாக்கைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளினான்.

“எங்க பிரஸ்ல எந்த மை குறையுதுன்னு பாத்தே, மிஷின்ல என்ன லேபிள் ஓடுதுன்னு சொல்லிருவோம். இதுல மஞ்சள் அடிமட்டத்துக்குப் போயிருக்கு. மெஜந்தா பாதி. நீலம் அசையவே இல்ல. ஒண்ணு லட்டு அடிச்சிருக்கணும், இல்லன்னா பரோட்டா.”

மகேஷ்குமார் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தான். அது சுற்றவில்லை.

“சரி விடுங்க. சாவியக் குடுங்க. மஞ்சள் மையை நானே கருப்பணன் கடையில வாங்கிட்டு வந்திருதேன்.”

“மஞ்சள் எதுக்கு?” என்று பாய்ந்து வந்து பிரிண்டரை மறைத்துக்கொண்டு நின்றான். “பில்லு அடிக்கக் கருப்பு போதுமே.”

“அதத்தான் நானும் நெனச்சேன்” என்று சொல்லிவிட்டு அவள் கீழே இறங்கிப் போனாள்.

இவ்வளவுதான் கதை. மகேஷ்குமார் இன்றைக்கும் இதைப் பெருமையாகத்தான் சொல்கிறான். சுகிர்தா கருப்பணன் கடைப் படியேறாமல் சாமர்த்தியமாகத் தடுத்துவிட்டானாம். பிரிண்டரும் அவனே பார்த்து, அவனே பிடிவாதம் பிடித்து வாங்கியதாம். கொழுப்பு இறங்கிவிட்டது என்று டாக்டரும் பாராட்டினாராம். இதில் போய்க் குறை கண்டுபிடிக்கிறோமே என்று எனக்கே என்மேல் வருத்தமாக இருந்தது.

போன வாரம் அவன் வீட்டு வாசலில் பேசிக்கொண்டிருந்தோம். தெருமுனையில் ஷேர் ஆட்டோ நின்றது. என் மனைவியும் சுகிர்தாவும் காய்கறிப் பையோடு இறங்கி வந்தார்கள். பக்கத்தில் அவனுடைய ஸ்கூட்டி சும்மா நின்றுகொண்டிருந்தது. அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டே விட்டேன்.

“ஏலே மகேஷு, இத்தனை வருஷத்துல சுகிர்தா இந்த ஸ்கூட்டிய ஓட்டி, ஒரு தடவையாவது நீ கண்ணால பாத்திருக்கியா?”