விசிறி ஓடிய பேங்கு

பிழைக்கப் போன நாட்டில் ஆண்பிள்ளைக்குப் பேங்கில் ஒரு கணக்கு வேண்டும். கணக்கு இல்லாதவன் கணக்கிலேயே சேர்த்தி இல்லை. மலாக்காவில் கால் வைத்த அன்றே நான் எடுத்த முடிவு இது. ஆனால் எந்த பேங்கு? அங்கேதான் சிக்கல்.

நான் அவசரக்காரன் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று சித்திரையில் வந்து சேர்ந்தேன். கபீர் ராவுத்தர் ஜவுளிக்கடையில் கணக்குப்பிள்ளை வேலை. காஜா பேராங்கில் பாதி வீடு வாடகை. சம்பளம் வாங்கிய கையோடு ஒவ்வொரு பேங்கு வாசலாகப் போய் நிற்பேன். ஒன்றில் வட்டி குறைவு. ஒன்றில் படிக்கட்டு அதிகம். இன்னொன்றில் குமாஸ்தாவின் முகத்தைப் பார்த்தால், அவனே நம்மிடம் கைமாற்று கேட்பான் போலிருந்தது. இப்படி எட்டு மாதம் சீர்தூக்கிப் பார்த்தேன். ஒரு முடிவுக்கு வரப்போகிற சமயத்தில் ஜப்பான்காரன் வந்துவிட்டான்.

பேங்குகள் எல்லாம் இழுத்து மூடப்பட்டன. பார்த்தீர்களா என் மதிநுட்பத்தை? போட்டிருந்தால் போயிருக்குமே! என் சம்சாரம் பூங்காவனத்திடம் இதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தேன். அவள் “ஆமாமா” என்றாள். அவள் “ஆமாமா” என்றால் உஷாராக இருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

கையில் இருந்தது நூற்றெண்பது வெள்ளி; அந்த ஊரில் டாலரை அப்படித்தான் சொல்வோம். வெள்ளைக்கார ராஜா தலை போட்ட பழைய நோட்டு. அது எங்கள் கப்பல் காசு. பட்டுக்கோட்டையில் அம்மா தனியாக இருந்தாள். “மூணே வருஷம், வந்துடுவோம்” என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தேன். சண்டை முடிந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் விட்டதும் நாங்கள் இருவரும் ஏறியாக வேண்டும். அந்தக் காசு போனால் அம்மாவை மறந்துவிட வேண்டியதுதான்.

நாற்பத்து மூன்றில் ஊரில் ஒரு புது பேங்கு திறந்தார்கள். உள்ளே போனேன். உட்கார நாற்காலி போட்டார்கள்! தலைக்கு மேலே மின்விசிறி ஓடியது! குமாஸ்தா இடுப்பு வரை குனிந்து வணங்கினான். என்னைக் கண்டு அதுவரை யாரும் குனிந்ததில்லை. பூங்காவனம் என் முன்னால் குனிந்தாள் என்றால் அது தரை கூட்டுவதற்குத்தான். அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டேன்.

“பூங்காவனம்! நாளைக்குக் கணக்குத் திறக்கப் போறேன். பணத்தை எடுத்து வை.”

“எந்த பேங்குல?”

“புது பேங்குல.”

“வட்டி எவ்வளவாம்?”

அதைக் கேட்க மறந்துவிட்டேன். “விசிறி ஓடுதுடி!” என்றேன்.

“ஓகோ. காத்து வாங்கவா பணம் போடுறீங்க?”

“சர்க்கார் ஆதரவு இருக்கு. பணம் பத்திரமா இருக்கும்.”

“எந்தப் பணம்? ஜப்பான்காரன் அடிச்ச வாழைமரம் போட்ட நோட்டுதானே திருப்பிக் குடுப்பான்? அதுல நம்பரே இல்லைங்க. நான் நல்லாப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகையில கூட நாள், நட்சத்திரம் போட்டுத்தான் அடிக்கிறாங்க. நம்பர் இல்லாத நோட்டை அவன் எத்தனை அடிச்சான்னு யாரு கண்டா?”

“புட்டு அவிக்கிறவ பொருளாதாரம் பேச வந்துட்டா!”

கொல்லையில் ஊபி என்கிற மரவள்ளிக் கிழங்கு நட்டு, அதில் புட்டு அவித்து, பக்கத்து வீட்டு ரஹீமா மூலமாக விற்றுக்கொண்டிருந்தாள். அந்த வரும்படியை நான் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. பெண்பிள்ளைச் சில்லறைதானே!

பெரிய சண்டைக்கு வேட்டியை மடித்துக் கட்டினேன். அவளோ சட்டென்று இறங்கி வந்துவிட்டாள்.

“சரிங்க. நீங்க படிச்சவரு. போட்டுடுங்க.”

ஜெயித்துவிட்டேன்! கல்யாணமாகி ஆறு வருஷத்தில் முதல் வெற்றி.

“ஆனா ஒண்ணு. பழைய நோட்டை நீட்டினா, ‘வெள்ளைக்காரன் காசை இத்தனை நாளா ஏன்டா பதுக்கி வெச்சிருந்தே?’ன்னு பிடிச்சுக்கிட்டா?”

அந்தக் காலத்தில் கேள்வி கேட்கிறவர்கள் நாற்காலி போட்டுக் கேட்க மாட்டார்கள்.

“ஐயையோ! இப்ப என்னடி செய்யறது?”

“ரஹீமா வீட்டுக்காரர் மாத்திக் குடுக்கிறாராம். பழசுக்குப் புதுசு, வெள்ளிக்கு வெள்ளி. நான் போய் மாத்திட்டு வந்துடவா?”

“கேட்டுக்கிட்டு நிக்கிறியே! ஓடு!”

அரை மணியில் திரும்பினாள். நூற்றெண்பது வெள்ளி, எல்லாம் வாழைமர நோட்டு. இரண்டு தரம் எண்ணினேன். சரியாக இருந்தது. இவ்வளவு சமர்த்தான பெண்டாட்டி யாருக்கு வாய்க்கும் என்று மனம்விட்டுப் பாராட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு என் நடையே மாறிவிட்டது. பாஸ் புத்தகம் சட்டைப் பையிலிருந்து பாதி வெளியே எட்டிப் பார்க்கும்படி வைத்துக்கொண்டு தெங்கேரா வரை நடந்துவிட்டு வருவேன். சம்பளம் ஏறிற்று. அரிசி விலை அதைவிட வேகமாக ஏறிற்று. அதை யார் பார்த்தது? மாதா மாதம் போட்டேன். நாற்பத்தைந்து ஆடி முடிவில் என் பெயரில் நாலாயிரத்து முந்நூறு வெள்ளி! பட்டுக்கோட்டையில் நாலு மா நிலம் வாங்கலாமா, ஐந்து மா வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் ஜப்பான் சரணடைந்தது. பேங்குக்கு ஓடினேன். கதவில் பூட்டு. குனிந்து வணங்கிய குமாஸ்தாவைக் காணோம். தெருவில் வாழைமர நோட்டுகள் சருகாகப் பறந்தன. ஒருவர் பத்து வெள்ளி நோட்டைக் கொளுத்திச் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஜாலான் துக்காங் எமாஸ் தெரு வழியாகத்தான் வீட்டுக்கு வந்தேன். அங்கிருக்கும் பிள்ளையார் கோவிலைக் கும்பிடக்கூடக் கை எழவில்லை.

வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். “பூங்காவனம், கப்பல் காசு போச்சுடி! அம்மாவை இனிமே பார்க்க முடியாது. நான் ஒரு மடையன்!” தேம்பித் தேம்பி அழுதேன். உங்களிடம் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

“எழுந்து அந்த மூங்கிலை இறக்குங்க” என்றாள்.

முற்றத்தில் துணி காயப்போடும் மூங்கில்.

“குடி முழுகிப்போச்சுங்கிறேன், உனக்குத் துணி எடுக்கிற நேரமாடி இது?”

“இறக்குங்கன்னு சொல்றேன்ல?”

இறக்கினேன். மூங்கிலின் வாயை மெழுகால் அடைத்திருந்தாள். கத்தியால் நெம்பி, ஒரு குச்சியை விட்டு இழுத்தாள். எண்ணெய்த் துணியில் சுற்றிய சுருள் ஒன்று வந்தது. பிரித்தாள். ராஜா தலை! நூற்றெண்பது வெள்ளியும் அப்படியே இருந்தது.

“அப்போ, நான் பேங்குல போட்டது?”

“என் புட்டுக் காசு. நாளைக்கு ஆகாத காசுதானே! உங்க ஆசையும் தீரட்டும்னு குடுத்தேன்.”

“ரஹீமா வீட்டுக்காரர் மாத்திக் குடுத்ததா சொன்னியே?”

“அந்த மனுஷனுக்கு ஒண்ணுமே தெரியாது. ரஹீமாகிட்ட அரை மணி நேரம் கதை பேசிட்டு வந்தேன்.”

நியாயமாக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. போன உயிர் திரும்பி வந்தது. அம்மா வாசலில் நின்று “வந்துட்டியாடா?” என்று கேட்பது காதில் விழுந்தது. அழுத கண்ணோடு சிரித்தேன். அவளும் சிரித்தாள், கொஞ்சம் அதிகமாகவே.

வெள்ளைக்காரன் திரும்பினான். பழைய நோட்டு செல்லும் என்றான். பேங்குகள் திறந்தன. கப்பல்தான் இன்னும் விடவில்லை. இந்தத் தடவை எட்டு மாதம் யோசிக்கவில்லை. ஒரே நாளில் ஒரு பேங்கைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே புதிதாக ஒரு சட்டம் சொன்னார்கள். ஏற்கனவே கணக்கு வைத்திருக்கிறவர் யாராவது வந்து, ‘இவரைத் தெரியும்’ என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். முதலாளியிடம் ஓடினேன்.

“வீட்டுக்கு ஒரு கையெழுத்துதான் போடுவேன், கருணாகரன்” என்றார் ராவுத்தர். “உங்க வீட்டம்மாவுக்குப் போன வாரமே போட்டாச்சே! கப்பல் காசை அதே பேங்குல தன் பேருல கட்டினாங்களே, உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியுமே!” என்றேன். வேறென்ன சொல்வது? காசு பத்திரமாக இருக்கிறது. அது போதும்.

மறுநாள் என் கணக்குக்குக் கையெழுத்துப் போடப் பூங்காவனம் வந்தாள். குமாஸ்தா விண்ணப்பப் படிவத்தை விரித்துக்கொண்டு, “இவரை உங்களுக்குத் தெரியுமாம்மா? இவருக்காக உறுதி சொல்வீங்களா?” என்று கேட்டார்.

அவள் என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள்.

“நல்ல மனுஷர்னு எழுதிக்கோங்க. பணங்காசு விஷயத்துல மட்டும் நான் ஜாமீன் இல்லை.”