செருப்பு சொன்ன பதில்

இந்தத் தடவை மனைவியை ஜெயித்தே தீருவது என்று லென்ஸ்காரர் முடிவு கட்டிவிட்டார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் இது எத்தனையாவது முடிவு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பாவம், மனுஷன் நொந்துபோவார்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவர் வேலை. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் விசாரணைக் கவுண்டர். பகலெல்லாம் ஊரே அவளைக் கேள்வி கேட்கும். வீட்டுக்கு வந்ததும் அவள் அவரைக் கேட்பாள்.

போன திங்கட்கிழமை முதலாளி, "வெளியூர்ல புதுக் கிளை திறக்கிறோம், நீங்கதான் போய்ப் பார்த்துக்கணும். வீட்ல கேட்டுச் சொல்லுங்க" என்றார். முதலாளியிடம் 'முடியாது' என்று சொல்லி இவருக்குப் பழக்கமில்லை. மறுநாளே, "கேட்டேன், சரின்னுட்டா" என்று அளந்துவிட்டார். வீட்டில் மூச்சு விடவில்லை. அவளிடம் எப்படியாவது ஒரு 'சரி' வாங்கியாக வேண்டும்.

அதற்கு ஒரு வழி இருந்தது. தினமும் சாயங்காலம் டீ குடித்ததும் இருவரும் சோபாவில் ஒரே போனை வைத்துக்கொண்டு கேம் ஆடுவார்கள். சுடுவது, ஓடுவது, காரை மோதுவது எதுவும் கிடையாது. வெறும் எழுத்து, வெறும் பேச்சு. கதையில் வரும் ஆள் பேரையோ பொருள் பேரையோ தொட்டால் அது ஏதாவது கேட்கும். கீழே மூன்று பதில் இருக்கும். ஒன்றைத் தொட்டால் கதை அந்தப் பக்கம் திரும்பும். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அவர் ஆடினால் நாலே நிமிஷம். கண்ணில் பட்ட முதல் பதிலைத் தொட்டுக் கிணற்றில் விழுந்து செத்துப்போவார். அவள் அப்படியில்லை. காவல்காரர், கப்பல் சமையல்காரர் என்று ஒருவரையும் விடமாட்டாள். 'சாப்பிட்டீர்களா? கால் வலி தேவலையா?' என்பது போன்ற பதிலாகத் தேடித் தொடுவாள். முகமே தெரியாத அந்த ஆட்கள் அவளிடம் மனசைத் திறந்து கொட்டிவிடுவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அவள்மேல் புதிதாக ஆசை வரும். அந்தக் கப்பல் சமையல்காரன்மேல் கொஞ்சம் பொறாமையும் வரும்.

அந்த மாதிரி ஒரு கேமைத் தானே எழுதினால் என்ன? எழுதுவதற்கென்றே போனில் ஓர் ஆப் கிடைத்தது. புதன்கிழமை தொடங்கி நாலு மத்தியானம் கடையில் டிபன் டப்பாவைத் திறக்காமல் எழுதினார். கதையில் ஒரு கணவன், 'வெளியூர் போகலாமா?' என்று கேட்பான். மனைவிக்கு மூன்று பதில்: 'சரி.' 'ரொம்ப சரி.' 'இதை முன்னாடியே கேட்டிருக்கக் கூடாதா, சரி.' அவள் வாயாலேயே படித்து, அவள் விரலாலேயே தொட்டுவிட்டால் அப்புறம் எப்படி மாறுவாள்? கதையில் வரும் அறை வெறிச்சென்று இருக்க வேண்டாமே என்று ஒரு ஜோடி செருப்பையும் போட்டுவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனை நீட்டினார்.

"புது கேம். சின்னதுதான். ஆடிப் பாரேன்."

"யார் எழுதினது?"

"யாரோ பெரிய ஆளு."

முதல் பக்கத்தைப் படித்தாள். "பெரிய ஆளு வீட்லயும் சோபா ஓரம் கிழிஞ்சிருக்காமே?"

"எல்லா சோபாவும்தான் கிழியும். நீ கணவனைத் தொடு."

"அவன் எங்க ஓடிப்போறான்? முதல்ல செருப்பு."

"செருப்புல என்ன இருக்கு?"

"எல்லாத்தையும் விசாரிச்சுட்டுத்தான் நான் நகருவேன், தெரியாதா?" தொட்டாள். திரையில் ஒன்றும் வரவில்லை. "என்னங்க, செருப்பு பேசலை."

"செருப்பு எப்படிப் பேசும்?"

"போன வாரம் ஆடின கேம்ல குடை பேசிச்சு. நீங்கதான் கண் கலங்கினீங்க. சரி, எழுதினவர் பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கார், வாயாலேயே சொல்லட்டும்."

பிடிபட்டுவிட்டார். ஆனாலும் எப்படியாவது அவளைக் கணவன் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு நப்பாசை. தொண்டையைச் செருமிக்கொண்டு செருப்பாக மாறினார்.

"செருப்பே, ஐயா நேத்து கடை விட்டதும் நேரா வீட்டுக்கு வந்தாரா?"

"இல்லம்மா. தெருவை மூணு சுத்து சுத்தினார்."

"ஏன்?"

"வீட்டுக்கு வர பயம்."

"ஏன், அம்மா அடிப்பாங்களா?"

"சேச்சே! அம்மா தங்கம். ஐயாதான் ஒரு பொய் சொல்லிட்டார்."

அவள் சிரிக்கவில்லை. தன் பாதத்தை அவர் பாதத்தின்மேல் வைத்துக்கொண்டாள். கவுண்டரில் தவித்து நிற்பவர்களிடம் பேசும் அதே குரலில் கேட்டாள்.

"ஐயாவுக்கு வெளியூர் போக ஆசையா, செருப்பே?"

மூன்று பதில் எழுதியவர் இந்தக் கேள்வியை எழுதவே இல்லை. இத்தனை நாளில் தன்னைத்தானேகூட அவர் கேட்டுக்கொண்டதில்லை.

"இல்லம்மா." என்றது செருப்பு. "துளிகூட இல்ல. அம்மாவுக்கு இங்க வேலை இருக்கு, அதை விட்டுட்டு வான்னு கூப்பிட மனசு வரல. அவங்களை விட்டுட்டுத் தனியா இருக்கவும் முடியாது. முதலாளி முகத்தைப் பார்த்ததும் வாய் தானா சரின்னுடுச்சு."

"இதை என்கிட்ட சொல்ல ஒரு கேமே எழுதணுமா?"

"நீ கோவிச்சுப்பேன்னு..." என்று மனுஷனாகத் திரும்பி வந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். "இரு. வெளியூர்ங்கிற பக்கத்துக்கு நீ இன்னும் வரவே இல்லையே! உனக்கெப்படித் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமையே உங்க முதலாளி கவுண்டருக்கு போன் பண்ணி, 'சம்மதிச்சதுக்கு நன்றிம்மா, உங்களுக்குப் பெரிய மனசு'ன்னார்."

"ஐயையோ! நீ என்ன சொன்ன?"

"உங்களுக்கு இஷ்டமில்லைன்னு சொன்னேன். இஷ்டம் இருந்தா வாசல்லேயே கத்திக்கிட்டு வந்திருப்பீங்களே, எனக்குத் தெரியாதா? நீங்களா என்கிட்ட வந்து சொல்ற வரைக்கும் உங்ககிட்ட வாயைத் திறக்க வேண்டாம்னும் அவர்கிட்ட சொன்னேன். சரிம்மான்னுட்டார்."

"அப்ப நாளைக்கு நான் அவர்கிட்ட என்னன்னு பேசுறது?"

"ஒண்ணும் பேச வேண்டாம்" என்று அவர் தோளில் சாய்ந்துகொண்டாள் அவள். "டிபன் டப்பாவைத் திறக்காம நீங்க முதல் வரி எழுத உட்கார்ந்த புதன்கிழமையே அந்தக் கிளைக்கு வேற ஆள் போயாச்சு."